சாக்சனியின் செப்புக்காசும் தரங்கம்பாடித் திருப்பணியும்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மனிதரைப் பற்றியும் நூல்களைப் பற்றியுமே எழுதுகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன கப்பலில் இன்னார் வந்திறங்கினார், இன்ன நூலை மொழிபெயர்த்தார், இன்ன ஆலயத்தைக் கட்டினார் என்பனவே நாம் இறையியற் கல்லூரியில் கற்ற செய்திகள். அவர் ஏறிவந்த கப்பலுக்குக் கட்டணம் செலுத்தியவர் யார், ஆலயத்தின் செங்கல்லுக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இவ்வினாவை ஒரு சிறு செப்பு நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அந்நாணயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாக்சனி என்னும் ஜெர்மானிய அரசில் வழங்கிய ஒரு பென்னிக் ஆகும். தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளின் வரலாற்றில் அதற்கு நாம் எண்ணுவதினும் பெரிய இடம் உண்டு.

1. நாணயமும் அதன் நாடும்

சாக்சனி 1806-ஆம் ஆண்டில் முடியரசாயிற்று. நெப்போலியனின் பக்கம் நின்ற குற்றத்திற்காக 1815-இல் கூடிய வியன்னா மாநாடு அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டது. லுத்தரின் நகராகிய விட்டன்பர்க்கும் அவ்வாறே கைமாறியது. எஞ்சிய சிறு நாட்டில் டிரெஸ்டன் தலைநகராகவும், லைப்சிக் வணிகத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் பெயர்பெற்ற நகராகவும் விளங்கின.

அக்காலத்தில் ஜெர்மானிய நாடுகள் பல, நாணயங்களும் பல. இக்குழப்பத்தைக் குறைக்க 1838-இல் டிரெஸ்டனில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. கொலோன் மார்க் எனப்பட்ட 233.855 கிராம் எடையுள்ள தூய வெள்ளியிலிருந்து 14 தாலர் அடிப்பதென்று அதில் கையொப்பமிட்ட வட ஜெர்மானிய அரசுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் தாலரைச் சில்லறையாகப் பகுப்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை. பிரஷ்யா தாலரை 30 வெள்ளிக் குரோஷனாகவும், குரோஷனை 12 பென்னிக்காகவும் பகுத்தது. எனவே அங்கே தாலருக்கு 360 பென்னிக். சாக்சனியோ தாலரை 30 புதுக் குரோஷனாகவும், அதனைப் பத்துப் பத்துப் பென்னிக்காகவும் பகுத்தது; இங்கே தாலருக்கு 300 பென்னிக். பெயர் ஒன்றாயினும் எல்லையைக் கடந்தால் மதிப்பு வேறு. இப்புதிய சாக்சனிப் பென்னிக் 1841-ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டன் அக்கசாலையில் அடிக்கப்பட்டது.

நாணயம் மிகச் சிறியது. கட்டைவிரல் நகத்தளவே எனலாம். ஒருபுறம் முடி சூட்டிய கேடயச் சின்னம். மறுபுறம் மதிப்பும் ஆண்டும். அக்கசாலைத் தலைவரின் பெயரைக் குறிக்கும் ஓரெழுத்தும் உண்டு. 1845 முதல் 1860 வரை அப்பதவி வகித்தவர் பிஷர் என்பவராதலின் அவ்வாண்டுகளின் காசுகளில் அவர் பெயரின் முதலெழுத்தைக் காணலாம். வெள்ளித் தாலரில் அரசனின் முகம் பொறிக்கப்பட்டது. செப்புப் பென்னிக்கில் அம்முகம் இல்லை.

இவ்வகைக் காசுக்கு ஜெர்மன் மொழியில் 'ஷைடமுன்ட்ஸெ' என்று பெயர். 'பிரிதல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அது. வாங்குவோனும் விற்போனும் கடைசிச் சில்லறையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு பிரிவதற்கு உதவும் காசு என்பது கருத்து. அதன் செம்பின் விலை அதன்மேல் எழுதிய மதிப்பினும் குறைவு. ஆகவே 1857-ஆம் ஆண்டின் வியன்னா நாணய உடன்படிக்கை, பெருந்தொகைக்குச் சில்லறை நாணயத்தைப் பெற்றுக்கொள்ள எவரையும் வற்புறுத்தலாகாது என்று விதித்தது. சந்தையில் ஏழைக்கு அது பணம். பெருங்கணக்கில் அதற்கு உரிமை இல்லை.

மாற்கு 12-ஆம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு இச்செய்தி ஒன்றை நினைவூட்டும். அவ்வதிகாரத்தில் இரு நாணயங்கள் வருகின்றன. ஒன்று இராயனுடைய சொரூபம் பொறித்த வெள்ளிப் பணம். மற்றொன்று ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இட்ட செப்புக்காசு. அன்று யூதேயாவில் வழங்கிய சிறு செப்புக்காசுகளில் மனித முகம் இல்லை. லுத்தர் இப்பகுதியை மொழிபெயர்த்தபோது தம் மக்கள் சந்தையில் கண்ட சிறு காசுகளின் பெயர்களையே இட்டார். 'ஷெர்ப்லைன்' என்று அவர் எழுதிய காசு பென்னிக்கிலும் சிறியது. அச்சொல் இன்றும் ஜெர்மானியரின் பேச்சில் எளியவரின் சிறு கொடையைக் குறிக்கின்றது. நம் திருமறையின் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே 'காசு' என்றும் 'துட்டு' என்றும் எழுதினர். துட்டு என்பது ஒல்லாந்தர் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்த 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரே. இரு மொழிகளிலும் விதவையின் கையில் இருப்பது அவ்வவ்வூர் ஏழையின் காசு.

2. அரசனின் கருவூலமும் எளியோரின் காசும்

1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். 1714-இல் கோபன்ஹேகனில் நிறுவப்பட்ட மிஷன் ஆட்சிக்குழு அரச அமைப்பே. சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் சாக்சனி ஆட்சியிலிருந்த ஊர். ஆயினும் அவரை அனுப்பியது சாக்சனி அன்று. இத்திருப்பணிக்கு ஹாலே நகரின் நண்பர்களும் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தாரும் நன்கொடை அளித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஹாலேயின் நிறுவனங்களே எளிய தொடக்கமுடையவை: 1695-இல் பிராங்கே தம் வீட்டிலிருந்த தருமப் பெட்டியில் 4 தாலர் 16 குரோஷன் கண்டு, அதனை முதலாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். எனினும் தரங்கம்பாடியில் திருப்பணியின் தலைமேல் இருந்தது அரசனின் முத்திரையே.

அரசனின் ஆதரவு அரசனின் தேவை இருக்கும்வரையே நிற்கும். 1845-இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் சேராம்பூரையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு விற்றது. கோட்டையும் துறைமுகமும் கைமாறின. சபையை யார் ஏற்பது?

அதற்கு முன்னரே வேறோர் ஏற்பாடு உருவாகியிருந்தது. 1836-இல் டிரெஸ்டனில் சுவிசேஷ லுத்தரன் மிஷன் சங்கம் தோன்றியது. 1817-இல் பிரஷ்ய அரசர் லுத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக இணைக்க முற்பட்டார். இவ்விணைப்பை ஏற்க மனமில்லாதவர்கள் லுத்தரின் விசுவாச அறிக்கையில் ஊன்றிய ஒரு சங்கத்தை விரும்பினர். அச்சங்கம் அனுப்பிய கோர்டெஸ் 1841-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். சாக்சனியின் புதிய பென்னிக் வெளிவந்த ஆண்டும் அதுவே. 1844-இல் கார்ல் கிரவுல் சங்கத்தின் இயக்குநரானார். மிஷனெரிகள் பல்கலைக்கழகக் கல்வி பெறவேண்டும் என்பது அவர் கொள்கையாதலால் 1848-இல் சங்கம் லைப்சிக் நகருக்கு மாற்றப்பட்டது. டென்மார்க் மிஷனின் சபைகளும் உடைமைகளும் படிப்படியாக இச்சங்கத்தின் பொறுப்பில் வந்தன.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. லைப்சிக் மிஷனுக்குப் பின்னால் எந்த அரசனும் இல்லை. சாக்சனியின் அரச குடும்பம், போலந்தின் முடியைப் பெறும்பொருட்டு 1697-இல் ரோமச் சபையைத் தழுவிய அகஸ்டசின் வழிவந்தது. குடிமக்களோ லுத்தரன் சபையார். கத்தோலிக்க அரசரின் சின்னம் பொறித்த காசை லுத்தரன் குடிமக்கள் மிஷன் பெட்டியில் இட்டனர். சங்கத்தின் வருவாய் துணைச் சங்கங்கள், மிஷன் பண்டிகைகள், சபைக் காணிக்கைகள் ஆகியவற்றிலிருந்தே வந்தது. பவேரியா, ஹனோவர், மெக்லன்பர்க், பால்டிக் மாநிலங்கள் முதலிய பகுதிகளின் லுத்தரன் மக்களும் இதிற் பங்குகொண்டனர். சாக்சனிப் பென்னிக்குடன் பிற நாட்டுக் காசுகளும் கலந்தே வந்தன.

இஃது இச்சங்கத்தின் தனிவழக்கன்று. 1792-இல் வில்லியம் கேரி தம் நூலில் வாரம் ஒரு பென்னி கொடுப்போரைக் கொண்டு மிஷன் பணியைத் தாங்கலாம் என்று எழுதினார். பாசல் மிஷன் 1855 முதல் வாரந்தோறும் அரை பாட்சன் என்னும் சிறு காசைத் திரட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் இயக்கம் பெரும்பகுதி சில்லறைக் காசின் மேல் நின்ற இயக்கமாகும்.

கொடுத்தவர்கள் செழிப்பானவர்களா? அல்லர். சாக்சனியின் தென்பகுதியான ஏர்ட்ஸ் மலைநாட்டில் வீட்டுத்தறியில் நெய்வோரும் பின்னல் சரிகை செய்வோரும் மிகுந்திருந்தனர். இயந்திரத்தின் போட்டியால் அவர்கள் கூலி தேய்ந்துகொண்டிருந்தது. 1845 முதல் உருளைக்கிழங்கு நோயும், 1846-இல் தானிய விளைச்சற் குறைவும் ஐரோப்பாவின் பல பகுதிகளைப் போல் ஜெர்மானிய நாடுகளையும் பசியில் ஆழ்த்தின. 1849 மே மாதத்தில் டிரெஸ்டனில் மக்கள் கிளர்ந்தெழ, அரசர் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். பிரஷ்யப் படையின் உதவியுடன் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1848-இல் விட்டன்பர்க்கில் கூடிய சபை மாநாட்டில் விக்கெர்ன் எழுந்து, உள்நாட்டு ஏழைகளைச் சபை மறந்துவிட்டது என்று உணர்த்தினார். இத்தகைய நாட்டில், இத்தகைய ஆண்டுகளில், தமிழ்நாட்டுக்கென்று பென்னிக்குகள் இடப்பட்டன. தன் ஊர்க் குழந்தை பசித்திருக்கக் கடல்கடந்த ஊருக்குக் கொடுத்தது சரிதானா என்னும் கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. பெற்றுக்கொண்டவர் நாமாதலின் அக்கேள்வி நம்மையும் சாரும்.

3. பென்னிக்கும் தம்பிடியும்

இனி ஒரு சிறு கணக்கு. 14 தாலருக்கு 233.855 கிராம் தூய வெள்ளி. ஆகவே தாலர் ஒன்றுக்கு 16.704 கிராம். 1835-ஆம் ஆண்டின் சட்டப்படி கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெய்ன்; அதில் தூய வெள்ளி 165 கிரெய்ன், அதாவது 10.692 கிராம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு தாலர் 1.5623 ரூபாயாகும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. எனவே ரூபாய்க்கு 192 தம்பிடி. 1.5623-ஐ 192-ஆல் பெருக்கினால் வருவது 299.96, அதாவது 300 தம்பிடி.

தாலருக்கு 300 பென்னிக். அதே தாலருக்கு 300 தம்பிடி. செலாவணிச் செலவை நீக்கி வெள்ளியை மட்டும் கொண்டு நோக்கினால், சாக்சனியின் ஒரு பென்னிக்கும் சென்னை மாகாணத்தின் ஒரு தம்பிடியும் சரிநிகர். எவரும் திட்டமிட்டு இவ்வாறு அமைக்கவில்லை. டிரெஸ்டனில் பகுத்தவர்கள் இந்தியாவை நினைத்துப் பகுக்கவில்லை. ஆயினும் உண்மை உண்மையே. ஏர்ட்ஸ் மலைநாட்டுச் சரிகைத் தொழிலாளி பெட்டியிலிட்ட காசும், தஞ்சைப் பகுதிக் கூலிப்பெண் காணிக்கைப் பையிலிட்ட காசும் ஒரே எடை வெள்ளிக்குப் பதிலாய் நின்றன.

இச்சமநிலை நிலைக்கவில்லை. 1871-க்குப் பின் ஜெர்மன் பேரரசு தங்க நாணயத்துக்கு மாறியது. தாலர் 3 மார்க்காக மதிக்கப்பட்டது. மார்க்குக்கு 100 பென்னிக் ஆதலால் சாக்சனியின் பழைய பென்னிக்கின் மதிப்பு பேரரசின் புதிய பென்னிக்கிலும் மாறாது தொடர்ந்தது. ஆனால் இந்தியா வெள்ளியையே பற்றிநின்றது. வெள்ளியின் விலையோ வீழ்ந்தது. 1898 அளவில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற மதிப்பில் நின்றபோது ஒரு பென்னிக் ஏறத்தாழ 1.4 தம்பிடிக்குச் சமமாயிற்று. அங்கே கொடுப்போரின் தியாகம் கூடவில்லை; இங்கே அப்பணத்தின் கனம் கூடிற்று. உள்ளூர்ச் சபையாரின் தம்பிடி அதன் அருகில் இன்னும் சிறியதாய்த் தோன்றலாயிற்று. வெளிநாட்டுப் பணமின்றிச் சபை நடவாது என்னும் எண்ணம் வேரூன்றியதற்கு மனித பலவீனத்தோடு செலாவணி விகிதமும் ஒரு காரணம் என்பதை நம் வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

4. மறைந்துபோன முகங்கள்

அக்காலத்து மிஷன் பத்திரிகைகளில் நன்கொடைப் பட்டியல்கள் வெளியிடுவது வழக்கம். தாலர், குரோஷன், பென்னிக் என்று தொகைகள் நிரலாக எழுதப்பட்டன. பட்டியலின் அடியில் கூட்டல் போட்டவுடன் பென்னிக்குகள் குரோஷனாகவும் குரோஷன்கள் தாலராகவும் மாறின. தாலர்கள் உண்டியலாக மாற்றப்பட்டு, இங்கே ரூபாயாகப் பெறப்பட்டன. ரூபாய் சம்பளமாகவும் கட்டடமாகவும் உருவெடுத்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொடுத்தவரின் முகம் ஒரு படி மங்கியது. கடைசியில் எஞ்சியது 'மிஷன்' என்னும் ஒரே சொல்.

இச்சொல் நம் வழக்கில் அடைந்த பொருளை எண்ணிப் பார்ப்போமாக. மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் நிலம், மிஷன் சம்பளம் என்கிறோம். அனுப்பப்படுதல் என்னும் பொருளுடைய சொல், உடைமையும் அதிகாரமும் உள்ள எசமானின் பெயராயிற்று. எசமானிடம் கேட்டுப் பெறலாம். கேட்டது கிடையாவிடில் குறை கூறலாம். ஆனால் நெசவாளியின் பென்னிக் அது என்று அறிந்திருந்தால், அவ்வாறு கேட்கவும் அவ்வாறு செலவிடவும் நம் முன்னோர் துணிந்திருப்பரோ?

மறுபுறமும் குற்றமில்லாததன்று. ஜெர்மானிய ஆலயங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பிற்காலத்தில் ஒருவகை மிஷன் பெட்டி பரவியது. அதன்மேல் ஒரு கறுத்த பிள்ளையின் உருவம் முழந்தாளிட்டிருக்கும். காசை இட்டவுடன் அவ்வுருவம் நன்றி கூறுவதுபோல் தலையசைக்கும். கொடுக்கும் குழந்தைக்கு அது விளையாட்டு. ஆனால் கொடுப்பவன் நிற்பவன், பெறுபவன் முழந்தாளிடுபவன் என்னும் பாடத்தையும் அப்பெட்டி கற்பித்தது. தம்பிடி தன் பென்னிக்குக்கு நிகர் என்பதை அக்குழந்தை அறியவில்லை. பென்னிக் தன் தம்பிடிக்கு நிகர் என்பதை இங்கிருந்தவரும் அறியவில்லை. இரு ஏழைகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி, நடுவில் ஒருபுறம் எசமானின் உருவமும் மறுபுறம் தலையாட்டும் பொம்மையும் நின்றன.

5. காசு போன பின்

முதல் உலகப்போரின்போது ஜெர்மானிய மிஷனெரிகள் இந்தியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஸ்வீடன் சபையார் பொறுப்பேற்றுத் தாங்கினர். 1919 ஜனவரி 14-ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1923-இல் ஜெர்மனியின் பணம் மதிப்பற்றுப்போயிற்று. அவ்வாண்டின் நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தது. பென்னிக் கணக்கிலிருந்தே மறைந்தது. அக்காசு சேர்ந்து கட்டிய சபையோ நின்றது.

தமிழ்க் கிறிஸ்தவரின் தம்பிடியும் இதற்குள் தன் பயணத்தைத் தொடங்கியிருந்தது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்தியரின் ஊழியம், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பனையேறிகளும் உழவர்களும் கொடுத்த காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர் அனுப்பப்பட்டனர். வீட்டில் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் நம் தாய்மாரின் வழக்கமும் இவ்வகையினதே. பெறும் கை மட்டுமே நமக்கு உண்டென்று எவரும் கூற இயலாது.

தம்பிடிக் காசு 1957-இல் தசம நாணயம் வருமுன்னரே வழக்கொழிந்தது. பென்னிக் 2002-இல் யூரோ வந்தபோது மறைந்தது. ஆனால் அக்காசுகளைப் பற்றிய கேள்வி மறையவில்லை. குருத்துவப் பணியிலுள்ள நாமும் அதற்கென ஆயத்தப்படும் மாணவரும் காணிக்கைப் பிரசங்கத்திற்கு விதவையின் கதையை எடுத்துக்கொள்கிறோம். மாற்கு 12:41-இல் தொடங்கி 44-இல் முடிக்கிறோம். அதற்குச் சற்று முன்னே, 40-ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை ஆண்டவர் கடிந்துரைக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அத்தேவாலயத்தின் அழிவை முன்னறிவிக்கிறார். விதவையின் காசு இவ்விரண்டுக்கும் நடுவே வைக்கப்பட்டுள்ளது. கொடுத்தவளைப் புகழ்ந்த அதே வாய் பெற்று உண்போரை நியாயந்தீர்க்கின்றது. கொடுப்போருக்கென்று நாம் பிரசங்கிக்கும் இப்பகுதி, முதலாவது பெறுவோருக்கென்று எழுதப்பட்டதாகக் கொள்வது தகும்.

ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து யார் எதை இட்டார் என்று கவனித்தார். மொத்தத் தொகையை அவர் கேட்கவில்லை. சபைக் கணக்கைக் கையாளும் நாம் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கப் பழகியுள்ளோம். லைப்சிக் மிஷனின் வரலாற்றை எழுதும்போதும், நம் சபையின் ஆண்டறிக்கையை வாசிக்கும்போதும், பட்டியலின் கடைசி நிரலில், வலப்பக்க ஓரத்தில், மிகச் சிறிய காசுகள் எழுதப்பட்ட இடத்தில் நம் கண் சற்று நிற்குமாக. கடல் கடந்து வந்த பென்னிக்கும், நம் ஊரின் தம்பிடியும், ஒரு பிடி அரிசியும் அங்கேதான் ஒன்றாய்க் கிடக்கின்றன. அவற்றை இட்டவர்களுக்கு நாம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்கள்.